மங்கை அக்காவின் பச்சைக் காரும் இரண்டு செட் பிறேக் பேட்டும்

மங்கை அக்கா போய்விட்டார்.

இன்று விடிய டொரண்டோவிலிருந்து அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள். நித்திரையிலேயே... நோகாமல்...

உங்களில் கனபேருக்கு அவரைத் தெரிந்திருக்காது. அறுபதுகளின் நடுவில் கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் சயன்ஸ் டீச்சர், நான் புதிதாக வந்த தமிழ் டீச்சர். முரசுமோட்டையில் அவருடைய சித்தப்பா வீட்டில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம்.

அக்காவிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கரும்பச்சை, இரண்டே சீட், கூரையைச் சுருட்டி மடக்கலாம்... நெல் மூட்டை லொறிகளுக்கும் மாட்டு வண்டில்களுக்கும் நடுவில் அது வருவதைப் பார்த்தால் கனவு மாதிரித்தான் இருக்கும்.

கார் உண்மையில் அவருடைய அண்ணாவுடையது. கொழும்பில் ரேஸ் ஓடியவர். லண்டனுக்குப் படிக்கப் போகும்போது தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போனார்.

கூடவே புது பிறேக் பேட் ஒரு செட். ரேஸுக்கென்றே செய்த கடினமான பேட். "தேய்ஞ்சால் இதைத்தான் போடோணும். கடையில விக்கிற சாமானைப் போட்டுக் காரைக் கெடுத்துப்போடாதை" என்றாராம்.

பழையது தேய்ந்ததும் அக்கா அதைத்தான் போட்டார். தானே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜக் அடித்துக் காரைத் தூக்கி, சில்லைக் கழற்றி.

பள்ளிக்கூடம் போன ஒரு தை மாதக் காலை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வயலெல்லாம் பனிப்புகார் மூடி, பனைகளின் தலை மட்டும் தெரிய... கார் தண்ணீரில் மிதந்து போவதுபோல இருந்தது.

புகாருக்குள்ளிருந்து ஓர் எருமைக் கன்று றோட்டில் ஏறியது. அதைப் பிடிக்க ஒரு பெண் பின்னால் ஓடி வந்தாள்.

அக்கா பிறேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை.

அவளுடைய சேலைத் தலைப்பு என் பக்கக் கதவில் உரசியது. கார் வாய்க்கால் கரையில் ஏறித்தான் நின்றது.

அந்தப் பெண் கன்றின் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி எங்களையே பார்த்தாள்... அக்காவின் கை ஸ்டியரிங்கை விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அக்கா ஒரு சில்லைக் கழற்றிப் பேட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார், "பின்னேரம் ஓடி வரேக்கை நல்லாத்தானே பிடிக்குது. காலமைக் குளிரிலதான் வழுக்குது. இது சூடேறினால்தான் பிடிக்கிற சாமான் போல கிடக்கு."

வவுனியாக் கடை ஒன்றுக்குச் சொல்லி, சாதாரணப் பேட் ஒரு செட் எடுப்பித்தார். சில நாள் அதையும் போட்டு ஓட்டிப் பழக்கினார். பிறகு ஒரு சனிக்கிழமை, விசுவமடுப் பக்கத்து நேர் றோட்டில் சோதனை!

நான் பனைமட்டையோடு நின்றேன். ஓர் அடையாளத்தில் அக்கா பிறேக் மிதிப்பார். கார் நிற்கும் இடத்தில் நான் மட்டையைப் போடவேண்டும்.

அண்ணாவின் பேட் முதல் தரம் எங்கேயோ போய் நின்றது. ஆனால் சூடேறச் சூடேற... அப்படியே ஆணி அடித்த மாதிரி நின்றது. மாற்றிப் போட்ட கடைப் பேட் நேர்மாறு. முதல் மிதிக்கே நின்றது, விடாமல் வேகமாக ஓடி ஓடி மிதிக்கக் கருகல் மணம் வந்து பிடி தளர்ந்தது.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு ஏற்றி வந்த ஒரு முஸ்லிம் நானா தன் மாட்டு வண்டிலை நிறுத்திவிட்டார். "என்ன டீச்சர், கார் நிக்குதில்லையோ?"

"நிக்குது நானா. எந்தச் சாமானுக்குக் கெதியா நிக்குதெண்டு பாக்கிறம்."

"என்ர மாடு நான் சொல்ல முன்னமே நிக்கும்" என்றார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு...

அவர் போன பிறகு அக்கா பம்பரில் சாய்ந்துகொண்டார். "அண்ணா ஓடுற மாதிரி ஓடினால் அண்ணாவின்ர பேட்தான் திறம்."

"அப்ப அதையே போடப்போறியளோ?"

"நான் என்ன அப்பிடியே ஓடப்போறன்? பள்ளிக்கூடத்துக்குத்தானே போறன். முதல் மிதிக்கே நிக்கோணும்."

சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடியது. வேகம் அவருக்கு அவ்வளவு பிடிக்கும்... அதற்குப் பிறகு அவர் முன்னைப்போலக் காரைக் கலைத்து ஓட்டவேயில்லை.

அப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்! கூரையை மடக்கிவிட்டு முல்லைத்தீவுக் கடற்கரை வரை போவோம். முதலில் காட்டு வாசம், பிறகு தண்ணீரூற்று தாண்ட உப்புக் காற்று... மயில் ஒன்று றோட்டைக் கடந்து முடிக்கும் மட்டும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அடுத்த வருடம் அண்ணா லீவில் வந்தார். காரை எடுத்துக்கொண்டு ஓர் ஓட்டம் ஓடிவிட்டு வந்தவர், கதவை அடித்துச் சாத்தினார்.

"என்ன சாமானடி போட்டனீ? நாலு தரம் இறுக்கி மிதிக்கப் பிடியே இல்லாமல் போகுது. என்ர காரைக் கெடுத்துப்போட்டாய்!"

அக்கா குசினி வாசலில் நின்றார். குரல் உயரவேயில்லை. "கார் உங்கடதான் அண்ணா. ஆனா றோட்டு என்ர. அதில ஆர் குறுக்க வருவினம் எண்டு எனக்குத்தான் தெரியும்."

அண்ணா அந்தக் கிழமையே காரைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார்.

அக்கா அழுததை நான் காணவில்லை. திங்கட்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம்.

"அண்ணா சொன்னதையே திரும்பப் போட்டு வைச்சிருக்கலாமோ அக்கா? கார் எங்களிட்டையே நிண்டிருக்குமே..." என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். அவ்வளவுதான்.

பரந்தன் கிட்ட மாடுகள் றோட்டில் ஏறின. ஜன்னலோரம் இருந்த அக்காவின் வலது கால், பஸ்ஸின் தரையை மெல்ல மிதித்தது. கண் என்னவோ வெளியே, வயலில்தான் இருந்தது...

போயிட்டு வாங்கோ அக்கா.

ஆறுதலாய்ப் போங்கோ...