கண்ணாடித் தொட்டியில் வெள்ளைப் புள்ளி

ருகையாவுக்குத் தொட்டி மீன் மேல் முதலில் பிரியமே கிடையாது. காயல்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மீனென்றால் சட்டியில் கிடப்பதுதான். மகள் ஆமிரா பள்ளிக்கூட நாளில் பிடித்த பிடிவாதத்தில்தான் அந்தக் கண்ணாடித் தொட்டி வீட்டுக்கு வந்தது. தூத்துக்குடிக் கடையில் வாங்கிய தங்கமீன்களைத் தண்ணீர்ப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முள்ளக்காட்டு உப்பளங்களைத் தாண்டிப் பேருந்து குலுங்கும்போதெல்லாம் தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பையைத் தாங்கிப் பிடித்தார்கள்.

அந்த ஊரில் கல்யாணமானாலும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். ஆனால் ஆமிராவின் மாப்பிள்ளை அவளைத் துபாய்க்குக் கூட்டிப் போய்விட்டார். ருகையாவின் கணவர் தல்ஹா சவூதியில், தம்மாமில் வேலையாக இருந்தார். வீட்டில் மிஞ்சியது ருகையாவும் மூன்று தங்கமீன்களும்தான். தீனி போடப் போகிறவள், போட்ட பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கப் பழகினாள். சீருடையைக்கூட மாற்றாமல் தொட்டிமுன் மண்டியிட்டு, அன்றைய பள்ளிக்கதையை மீன்களிடம் ஒப்பிக்கும் ஆமிராவின் குரல் காதில் கேட்கும்.

ஐப்பசி மழையில் ஒருநாள், தொட்டி வெறிச்சென்று இருக்கிறதே என்று புதிதாக ஒரு கறுப்பு மீனை வாங்கி வந்து அப்படியே உள்ளே விட்டாள். சில நாளில் அதன் செதிலில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். பிறகு பழைய மீன்களுக்கும் பரவியது. அவை அடியில் கிடந்த கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டன.

மீன்கடை சிவப்பிரகாஷுக்குப் படம் அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

“யக்கா, இது ஒட்டுண்ணிப் பூச்சி. புது மீன தனியா வச்சிப் பாக்காம விட்டுட்டியளா?”

“எனக்கென்ன தம்பி தெரியும்? பொழச்சிருமா?”

“பொழச்சிரும். தண்ணியச் சூடாக்க ஹீட்டர் தாரேன், மெதுவா ஏத்தணும். காத்து நல்லா விடுங்க. பில்டருக்குள்ள இருக்க கரி மருந்த உறிஞ்சிரும், அத எடுத்திட்டு ஊத்துங்க. பொடி உப்பு வேண்டாம், கல்லுப்பு போதும். அளவு சொல்லுதேன், கரைச்சு கொஞ்சங் கொஞ்சமா விடுங்க.”

மருந்து விழுந்ததும் தண்ணீர் நீலமானது. ருகையா நாற்காலியைத் தொட்டி பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆமிராவுக்கு அம்மை போட்டிருந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சொறியவிடாமல் பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டு, கொப்புளங்களில் விசிறிக்கொண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தல்ஹா போனில் கேட்டால், “லேசாத்தான் இருக்கு” என்று மட்டும் சொல்வாள். தூக்கத்தில்கூட அவள் முந்தானையை விடாத பிள்ளை. அந்தக் கஷ்டமான நாட்கள் இப்போது நினைக்க இவ்வளவு இனிப்பாக இருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

புள்ளிகள் மறைந்தன. சந்தோஷத்தில் தண்ணீரையெல்லாம் மாற்றி மருந்தை நிறுத்திவிட்டாள். மறுவாரமே புள்ளிகள் முன்னைவிட அடர்ந்து வந்தன. கறுப்பு மீன் செத்து மிதந்தது.

“புள்ளி போனா பூச்சி போயிட்டுன்னு அர்த்தமில்ல யக்கா,” என்றான் சிவப்பிரகாஷ். “மீன விட்டு எறங்கி அடியில கெடந்து பெருகும். குட்டியெல்லாம் திரும்ப மீனத் தேடி நீந்தி வரும்போதுதான் மருந்துக்கு மாட்டும். அதுவரைக்கும் விடாம ஊத்துங்க.”

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. அடியில் தங்கும் அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுத்தாள். எடுத்த தண்ணீருக்கு ஈடாக விட்ட தண்ணீரிலும் மருந்து கலந்தாள். உடம்பு சுத்தமான பிறகும் நிறுத்தவில்லை. ஒரு காலையில் மூன்று மீன்களும் மேலே வந்து தீனியைச் சப்புக்கொட்டித் தின்றன. பிறகு புள்ளி திரும்பவே இல்லை.

கோடையில் ஆமிரா பிள்ளைப்பேற்றுக்கு வந்தாள். பர்தாவைக்கூடக் கழற்றாமல் தொட்டிமுன் போய் உட்கார்ந்து கண்ணாடியில் விரல் வைத்தாள். மீன்கள் அசையவில்லை. பின்னாலிருந்து ருகையா எட்டிப் பார்த்ததும் மூன்றும் அவள் பக்கம் திரண்டு வந்தன.

“உம்மா! இதுவொ என்னய மறந்தே போயிட்டு!”

“அடுத்த மாசம் புள்ள பொறக்குத வரைக்கும் தீனி நீ போடு. எல்லாம் ஞாபகம் வந்துரும்,” என்று தீனி டப்பாவை மகள் கையில் கொடுத்தாள் ருகையா.