இரண்டாவது கியரில் ஓடிய கிலோமீட்டர்கள்

கார்ப் பிரியர்கள் என் காரைப் பற்றி முதலில் கேட்பது எத்தனை குதிரைச்சக்தி என்றுதான். பதில் சொல்லி அலுத்துவிட்டது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன், இயந்திரங்களோடு கிடந்தவன். திம்புள்ளப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குப் போக நாற்பத்தொரு வளைவுகள். அவற்றில் மூன்றாவது கியருக்கு இடம் கொடுப்பவை ஒன்பது. இந்த ரோட்டில் முந்நூறு குதிரைகளைக் கட்டி என்ன செய்வது? வண்டி எடை குறைவாக இருக்க வேண்டும், காலை வைத்ததும் பிரேக் பிடிக்க வேண்டும், வளைவின் நடுவில் மிதித்தால் இன்ஜின் அப்போதே பதில் சொல்ல வேண்டும். டர்போ விழித்துக்கொள்வதற்குள் இங்கே வளைவு முடிந்துவிடும். சித்திரை சீசனுக்கு நுவரெலியாவுக்கு வருகிற கொழும்புப் பிள்ளைகளின் கார்களைப் பார்க்கிறேன். சைலன்சரைப் பட்டாசு மாதிரி வெடிக்க விட்டு நேர் ரோட்டில் பாய்வார்கள். அடுத்த வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் எல்லோரோடும் வரிசையில் நிற்பார்கள்.

விலையைப் பற்றிப் பேசினால் இன்னும் அலுப்பு. அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருஷங்களில் பழைய கார்களுக்கெல்லாம் காணி விலை வந்தது. திறந்துவிட்ட பிறகும் வரியின் புண்ணியத்தில் பெரிதாக இறங்கவில்லை. ஓடித் தேய்ந்த ஒரு பொருள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் போவது எந்தக் கணக்கிலும் எனக்கு உட்காரவில்லை. ஆனாலும் போன வருஷம் என் காரை விற்க ஆள் தேடினேன்.

அது இரண்டே கதவு வைத்த பழைய ஜப்பான் கார். ஆயிரத்து அறுநூறு சீசீ, இரட்டைக் கேம், பதினாறு வால்வு. தரையோடு படுத்த மாதிரி இருக்கும். அதுதான் சிக்கலாகிப் போனது. மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து சத்திர சிகிச்சை செய்த பிறகு அவளால் அதில் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

"இதுல ஏறுறதுன்னா என்னாங்க, விழுறதுதான். இறங்குறப்போ கிணத்துல இருந்து தூக்குற மாதிரி தூக்குறீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க" என்றாள்.

பஸ்ஸும் அவளுக்கு ஆகாது. மஸ்கெலியாவில் தனியாக இருக்கும் அவளுடைய அக்காவைப் பார்த்து ஒரு மழைக்காலம் முழுசாகக் கடந்துவிட்டது. அக்காவும் வாதக்காரி, அங்கிருந்து நகர மாட்டாள். இரண்டு பேரும் போனில் பேசி, அழுது, சண்டை போட்டு வைத்துவிடுவார்கள். இந்தக் காரைக் கொடுத்து, உயரமான சீட் வைத்த ஒரு சின்ன ஓட்டோமெட்டிக் கார் எடுத்தால்தான் அவள் வீட்டைவிட்டு வெளியே போக முடியும்.

காரைப் பார்க்க வந்தவர்களில் முழுப் பணமும் கையில் வைத்திருந்தவர் ஒருவர்தான். கொழும்பில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், நாற்பது வயதிருக்கும். இந்த மாதிரிக் கார்கள் ஏற்கெனவே நான்கு வைத்திருப்பதாகச் சொன்னார்.

"நாலையும் எப்போ ஓட்டுவீங்க?" என்றேன்.

"ஓட்டுறதில்ல அங்கிள். துணி போட்டு மூடி வச்சிருக்கேன். ஓட்டினா வேல்யூ போயிரும்."

மீட்டரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இவ்வளவுதானா ஓடியிருக்கு!"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த மலையில் ஒரு கிலோமீட்டர் கீழ்நாட்டில் மூன்று கிலோமீட்டருக்குச் சமம், அநேகமாக எல்லாமே இரண்டாவது கியரில் ஓடியவை, ஐந்தாவது கியர் மட்டும் புதுசாக இருக்கும் என்று விளக்கினேன்.

அவர் சிரித்தார். "அது மீட்டர்ல காட்டாதே அங்கிள்."

ஓட்டிப் பார்க்கத் தோட்டத்தின் மேல் டிவிஷன் வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது அவர் வளைவுகளில் ஹோர்ன் அடிக்கவில்லை. நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஒடுங்கிய ஓர் இடத்தில் எதிரே தேயிலைக் கொழுந்து லொறி முழுப் பாரத்தோடு ஏறி வந்தது. எங்கள் ரோட்டில் இதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். ஈர ரோட்டில் பார லொறி நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது லேசில்லை.

"ஒதுங்குங்க" என்றேன்.

"அவர் நிப்பாட்டுவார் அங்கிள்."

லொறி நின்றது. மேலே இருந்த ஆள் குதித்துச் சில்லுக்குக் கட்டை போட்டான். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இது எந்த ஊரு ஓட்டு! கண்ணு பின்னாலயா இருக்கு?" என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும், "அட, ஐயாவா! நீங்க பக்கத்துல உக்காந்துமா?" என்றார்.

"விக்கிறேன்ப்பா."

"காரையா, ரோட்டையா?"

லொறியின் மேலிருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் ரிவர்ஸில் மேலே ஏறி ஒதுங்க வேண்டியதாயிற்று. அவர் கிளச்சைப் பாதியில் மிதித்து வைத்துக்கொண்டே உறுமினார். கருகிய வாசம் வந்தது. லொறி போன பிறகு அவர் மூக்கைச் சுளித்தார்.

"கிளச் முடிஞ்சிருச்சு போலயே. இதுக்குக் கழிக்கணும் அங்கிள்."

"அது இப்ப நீங்க எரிச்சது."

"நல்ல கிளச்சுன்னா எரியாதே."

ஏலத்துக்குப் போகும் தேயிலைக்குக்கூட, ஊற்றி, உறிஞ்சி, துப்பிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். இந்த மனிதர் மீட்டரையும் பெயிண்டையும் பார்த்து விலை ஏற்றினார், தானே எரித்ததை முகர்ந்து விலை இறக்கினார். வளைவில் அந்த இன்ஜின் எப்படிப் பதில் சொன்னது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிப் போங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நாங்கள் வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்து நின்றாள். அவர் சொன்ன விலைக்குச் சம்மதித்தேன்.

இரண்டு கிழமை கழித்துச் சின்னக் கார் வந்தது. அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஏற்றத்தில் தையல் மெஷின் மாதிரிக் கத்துகிறது. இறக்கத்தில் இன்ஜின் இழுத்துப் பிடிப்பதில்லை, பிரேக்கிலேயே காலை வைத்திருக்க வேண்டும். முதல் பயணம் மஸ்கெலியாவுக்கு. வழி முழுக்க நான் முணுமுணுத்தேன். மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு நீர்த்தேக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இவ்வளவு தண்ணியா இருக்கு இங்க? அந்தக் கார்ல வந்தப்போ எல்லாம் ரோட்டோரக் கட்டுச் சுவருதாங்க தெரிஞ்சுச்சு."

அவளுடைய அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து ரோட்டுக்கே வந்துவிட்டாள். காரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்னாடி இது, பிஸ்கட் டின்னு மாதிரி!"

"வாயப் பேசாம உள்ள ஏறுக்கா. ஏறிப் பாரு."

அக்கா ஏறினாள். யாரும் தூக்கவில்லை. இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். தூறல் விழுந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன். மனைவி கையால் பொறுங்க என்று காட்டிவிட்டு, அக்காவிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள். எதிர்க் கடையின் கூரைக்குக் கீழே போய் நின்றுகொண்டேன்.