வஞ்சிரம் முதல் நெத்திலி வரை இருபது லேப்டாப்

எங்கள் மாதா கோயில் பங்கு மலருக்குத் தெருவுக்கு ஒருத்தரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று சாமியார் கேட்டார். எங்கள் முதுநகர் தெருவில் கப்பலுக்குப் போனவர் உண்டு, ரிட்டயரான வாத்தியார் உண்டு. நான் என் மருமகள் ஆரோக்கிய ஜெனிபரைத்தான் சொல்வேன் என்றேன். சொந்த மருமகளையே சொல்லலாமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஏன் சொல்லக்கூடாது? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாய் இருக்கிறது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு சுவேதா தட்டுகிறாள். அழகுபடுத்தாதே, சொன்னதைத் தட்டு என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

ஜெனி சிதம்பரத்துப் பெண். பிளஸ் டூ முடித்தவள். என் மகன் மரிய ஜோசப்பைக் கட்டிக்கொண்டு வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. அவன் மஸ்கட்டுக்கு ஏசி வேலைக்குப் போனபிறகு, இவள் திருப்பாதிரிப்புலியூரில் செந்தமிழ்செல்வன் வைத்திருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பில் போடச் சேர்ந்தாள். பில் போட்டுக்கொண்டே கண்ணால் பார்த்துப் பார்த்து ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். கரண்டு சமாச்சாரம், பயம் இருக்காதா? இப்போதும் ரப்பர் செருப்பு போடாமல் மேசையில் உட்கார்ந்தால் சத்தம் போடுவேன். அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போட்டுக்கொள்வாள்.

ஒன்பது வருஷம் அந்தக் கடையில் இருந்தாள். போன கார்த்திகை மழையில்தான் எல்லாம் மாறியது.

சிதம்பரத்தில் மாலதி என்று ஒரு டீச்சர், மேல வீதிக்குப் பின்னால் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறாள். ஜெனிக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். கீழ்வீடு. அந்த மழையில் இடுப்பளவு தண்ணீர் ஏறி கம்ப்யூட்டர் அத்தனையும் வீணாய்ப் போயின. அங்கேதான் பெண்பிள்ளைகள் வருஷா வருஷம் கம்ப்யூட்டர் பரீட்சை எழுதுவார்கள். ஒரு மாதத்தில் அதிகாரி வந்து பார்ப்பார், இருபது மெஷின் ஓடவேண்டும், ஒன்று குறைந்தாலும் பரீட்சையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று பரீட்சை நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. வேறு ஊர் என்றால் பாதிப் பெண்களை வீட்டில் அனுப்பமாட்டார்கள். மாலதி கதவைச் சாத்தவேண்டியதுதான்.

மாலதி கடைக்கு வந்து அழுதாள். புதிதாக இருபது வாங்குங்கள் என்றார் செந்தமிழ்செல்வன். அது அவளால் ஆகிற காரியமா? அப்போது ஜெனி, ஆபீஸ்களில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப்பாகப் பொறுக்கி எடுத்து லினக்ஸ் போட்டால் ஓடும், நான் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். செந்தமிழ்செல்வன் வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சிரித்துவிட்டார்.

"செத்த பொணத்துக்குச் சீவிச் சிங்காரிக்கப் போறியா ஜெனி? நீ இருபது ஓட்டிக் காட்டு, நான் கடையச் சாத்திட்டு மாடு மேய்க்கப் போறேன்."

இவள் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆக, அந்த இருபதும் ஓடாவிட்டால் மாலதிக்கு இன்ஸ்டிடியூட் இல்லை, இவளுக்குத் திரும்பிப் போக இடமும் இல்லை.

லினக்ஸ் என்றால் என்னடி என்று கேட்டேன். மெஷினுக்கு உள்ளே இருந்து வேலை வாங்குகிற மேஸ்திரி மாதிரி என்றாள். இப்போது வருகிற புது விண்டோஸ் மேஸ்திரி வயசான ஆளை வேலைக்கே சேர்க்கமாட்டானாம். இந்த லினக்ஸ் இருக்கிற ஆளை வைத்து வேலையை முடித்துவிடுவானாம். காசும் கேட்கமாட்டானாம், யாரும் எடுத்து யாருக்கும் கொடுக்கலாமாம். நல்ல மனுஷன்தான் என்றேன்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் சின்னையன் என்பவர் பழைய லேப்டாப் வாங்கி விற்கிறார். தனியாகப் போகாதே என்று நானும் கூடப் போனேன். காலையில் அவர் ஷட்டரைத் தூக்கிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோதே போய் நின்றோம். தரையில் வாழைத்தார் மாதிரி லேப்டாப்பை அடுக்கி வைத்திருந்தார். அறுபது எழுபது இருக்கும். ஜெனி சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் தொங்கும். அதில் லினக்ஸ் இருக்கிறது. மெஷினில் அதைச் சொருகினால், உள்ளே இருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்த்துவிடலாம். அவள் முதல் மெஷினைத் தூக்கியதும் சின்னையன் கையை நீட்டித் தடுத்தார்.

"போணி ஆகாம எதையும் ஆன் பண்ணக் கூடாதும்மா. ஒண்ணு எடுத்துக்க, அப்புறம் எல்லாத்தையும் பாரு."

"பாக்காம எப்படிண்ணே எடுக்கிறது?"

"எடுக்காம எப்படிம்மா பாக்கிறது?"

அரை மணி நேரம் இதே பேச்சு. இவள் ஓட்டிப் பார்க்காத மெஷினை வாங்கமாட்டேன் என்கிறாள். அவர் போணி ஆகாத கடையில் பத்து மெஷினை நோண்டிவிட்டுச் சும்மா போனால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்டவேண்டும் என்கிறார். இவள் கோபத்தில் பையைத் தூக்கிவிட்டாள்.

நான் முப்பத்தைந்து வருஷம் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள். சின்னையன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. போணியை மதிக்காதவளுக்கு எந்தக் கடையும் திறக்காது. மூலையில் ஒரு தகர டப்பாவில் வால் வைத்த மவுஸ் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து, முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். பேரம் பேசவில்லை, போணிக்குப் பேரம் பேசமாட்டேன். சின்னையன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இனி எத்தனை வேண்டுமானாலும் பாருங்கள் என்று பிளக் பாயின்டையும் இழுத்துக் கொடுத்தார். இது எதுக்கு அத்தை தெண்டமா என்று ஜெனி காதைக் கடித்தாள். நான் மவுஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்புறம் அவள் எடுத்ததைப் பார்க்கவேண்டுமே. நான் மீன் எடுத்தால் பளபளப்பைப் பார்க்கமாட்டேன், செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். அவளும் அப்படித்தான். ஒல்லியாக, வெள்ளி மாதிரி மின்னியதையெல்லாம் ஒதுக்கிவிட்டாள். அவற்றில் ஒன்றும் கழற்றி மாட்ட முடியாதாம். கறுப்பாக, கனமாக, அடிவயிற்றில் ஸ்குரூ வைத்ததைத்தான் தொட்டாள். பென் டிரைவைச் சொருகுவாள். சிலது பழைய ஆபீஸ் போட்ட பூட்டோடு வந்திருக்கும், பாஸ்வேர்டு கேட்கும், உடனே ஓரம் கட்டுவாள். பூட்டு இல்லாததில் ஒவ்வொரு எழுத்தாக எல்லாவற்றையும் தட்டுவாள். நெட்டைப் பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பார்ப்பாள். கடைசியில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறாளாம். மத்தியானம் தாண்டிவிட்டது. பத்தொன்பது தேறியது.

இருபதாவது மட்டும் கிடைக்கவில்லை. ஒன்று இருந்தது, எல்லாம் சரி, விரலால் தேய்க்கிற இடம் மட்டும் செத்துப்போயிருந்தது. அதைத் தள்ளப் போனவள் கை அப்படியே நின்றது. என் மடியில் இருந்த மவுஸைப் பார்த்தாள். வாங்கிச் சொருகினாள். திரையில் அம்பு ஓடியது. என்னைப் பார்க்காமலே சிரித்தாள்.

வீட்டுக் கூடத்தில் இருபதையும் கருவாடு காயப்போட்ட மாதிரி பரப்பினாள். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான புதுசைப் போட்டாள். தூசு தட்டினாள். ஒரு மெஷினில் லினக்ஸ், தமிழ் எழுத்து, பரீட்சைக்கு வேண்டியது எல்லாம் போட்டு முடித்து, அதை அப்படியே மற்ற பத்தொன்பதுக்கும் நகல் எடுத்தாள். மூன்று வாரம் நாங்கள் மூலையில்தான் படுத்தோம்.

அதிகாரி வருவது வியாழக்கிழமை. புதன்கிழமை காலையில் ஒரு மினி வேனில் போர்வை சுற்றி ஏற்றிக்கொண்டு, வழியில் ஆலப்பாக்கம் ரோட்டுப் பள்ளத்துக்கெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். வரிசையாக வைத்து ஆன் செய்ததும் இருபதும் எழுந்து நின்றன. பெண்பிள்ளைகள் கை தட்டினார்கள். மாலதி, இரவல் வாங்கித் தன் மேசையில் வைத்திருந்த கம்ப்யூட்டரிலிருந்து மாதிரிக் கேள்வித்தாளை அனுப்பினாள். ஒரே ஒரு மெஷினில் வந்தது. பத்தொன்பதில் வரவில்லை. திரும்ப அனுப்பினாள். அதே கதை.

மாலதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு என்ன சொல்வது என்று அவள் கேட்டது பாதி அழுகையாகத்தான் வந்தது. ஜெனி அவள் மேசை மெஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஜெனி எதை ஆரம்பித்தாலும் மாதா பேரைத்தான் முதலில் எழுதுவாள். அன்றைக்கும் முதல் மெஷினுக்கு மரியா என்று பேர் வைத்திருக்கிறாள். நகல் எடுத்தபோது பேரும் கூடவே போய்விட்டது. இருபதும் மரியா. பேரைப் பார்த்துத்தான் தாள் போகுமாம். எங்கள் கோயிலில் மரியா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். இங்கே இருபது மரியாவில் ஒருத்திதான் எழுந்து வந்திருக்கிறாள்.

ஒவ்வொன்றுக்கும் வேறு பேர் வைத்தால் தீர்ந்தது, ஒன்று, இரண்டு என்று நம்பர் போடுகிறேன் என்றாள் ஜெனி. அதற்குள் பொன்னி என்று ஒரு பெண் எழுந்து, எட்டு வேண்டாம் அக்கா என்றாள். இரண்டு தடவை எட்டாம் நம்பரில் உட்கார்ந்து இரண்டு தடவையும் பெயிலாம். இன்னொருத்தி பதின்மூன்று வேண்டாம் என்றாள். மூன்றாவது ஒருத்தி வாயைத் திறக்கும் முன்னால் நான் சொன்னேன்.

"மீன் பேரு வையிடி. எந்தப் பொண்ணாவது மீனுக்குப் பயப்படுவாளா?"

"இது என்ன ஏலக்கூடமா அத்தை? டீச்சர் சைவம்."

"அவுங்க சாப்பிட வேணாம், கூப்பிட்டாப் போதும்."

மாலதி மீன்காரியைத் தூரத்தில் கண்டாலே மூக்கைப் பொத்துகிறவள். அன்றைக்குப் பாவம், சரி என்றாள். நான் சொல்ல ஜெனி தட்டினாள். வஞ்சிரம், வவ்வால், கொடுவா, சங்கரா, பாறை, மடவை, கிழங்கான் என்று போய், மவுஸ் வைத்த கடைசி மெஷினுக்கு நெத்திலி என்று முடித்தோம். இருபது மீன் பேர் சொல்ல நான் யோசிக்கவே இல்லை, அத்தனையும் தலையில் சுமந்தது. பொன்னி ஓடிப்போய் வஞ்சிரத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாலதி தாளை அனுப்பினாள். இருபதிலும் வந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, நிதானமாகக் காபி குடித்துவிட்டே கிளம்பினோம்.

வியாழக்கிழமை விடிந்ததும் திரும்பச் சிதம்பரம் போய்விட்டோம். அந்த அதிகாரி வந்தார். எல்லாம் பழசா இருக்கே என்றார் முதல் வார்த்தையே. நேராகப் போய் நெத்திலியில் உட்கார்ந்தார். மவுஸை உருட்டினார், தமிழில் நாலு வரி தட்டினார், தாளைத் திறந்தார், மூடினார். குறை ஒன்றும் அகப்படவில்லை. மற்ற பத்தொன்பதிலும் பெண்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக, பரீட்சை நடுவில் கரண்டு போனால் என்ன செய்வீர்கள், பேட்டரி பெட்டி எங்கே என்று கேட்டார்.

ஜெனி கதவோரம் போய் மெயினை இறக்கிவிட்டாள்.

ஃபேன் நின்றது. டியூப் லைட் அணைந்தது. இருட்டறையில் இருபது வெளிச்சம் அப்படியே நின்றது. ஒரு பெண்ணும் தட்டுவதை நிறுத்தவில்லை. சின்னையன் கடையில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அவள் ஏன் அத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"எத்தனை நேரம் தாங்கும்?" என்று கேட்டார்.

"உங்க பரீட்சை முடிஞ்சும் மீதி இருக்கும் சார்."

அவர் கையெழுத்துப் போடும்போது மெஷின் பேர் எழுதிய பட்டியலைப் படித்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். எங்க வீட்ல சங்கரான்னா உசுரு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பரீட்சை அங்கேதான் நடந்தது. இருபது பேரில் பதினெட்டுப் பேர் தேறினார்கள், அதில் பொன்னியும் உண்டு. அடுத்த மாதம் செந்தமிழ்செல்வன் எங்கள் வாசலில் வந்து நின்றார். மாடு எங்கே என்று நான்தான் கேட்டேன். ஜெனி என்னை முறைத்துவிட்டு அவருக்கு நாற்காலி போட்டாள். திரும்ப வேலைக்கு வா என்றார். வேலைக்கு வரலண்ணே, வேலை இருந்தாக் குடுங்க என்றாள். அவர் வண்டியிலிருந்து மூன்று பழைய லேப்டாப்பை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எங்கள் வாசலில் போர்டு தொங்குகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது, அவள் பேர் எங்கே இருக்கிறது என்று மட்டும் விரல் வைத்துக் காட்டுவேன். காலையில் முதல் ஆள் வந்து போணி ஆகாமல் அவளும் எந்த மெஷினையும் திறப்பதில்லை. நான் சொல்லவில்லை, அவளாகத்தான்.

சுவேதா இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மாலதி போன் செய்தாள். ஜெனி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெனி, வவ்வால் சார்ஜ் ஏறலம்மா. கொடுவாவும் கொஞ்சம் சூடா இருக்கு."

சைவக்காரிக்கு மீன் எல்லாம் அடையாளம் தெரிந்துவிட்டது.