அஞ்சலா சிஸ்டரின் ஜீப்புக்கு மாலை எதற்கு?

அஞ்சலா சிஸ்டர் இறந்துபோன செய்தி ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. பிள்ளைகள் இறைவணக்கத்துக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். கீழே ஒடுகத்தூரிலிருந்து அவருடைய தம்பி பேசினார். "டீச்சர், அக்கா போய்ட்டாங்க. டூட்டிக்குக் கிளம்பிக்கினு இருந்தாங்க. நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாங்க, அவ்ளோதான்." என்ன சொல்கிறீர்கள், என்ன சொல்கிறீர்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரும் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு நான் பாடம் எதுவும் நடத்தவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். சிலருக்குப் பிரசவம் பார்த்திருப்பார். சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்க் கோழிக்குப் போட்டதற்காக உங்கள் வீட்டு வாசலிலேயே நின்று திட்டியிருப்பார். அவரைப் பற்றித் துக்கத்தோடு நான்கு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பதினாறாம் நாள் நீங்கள் நடத்திய நினைவேந்தல் கூட்டத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. "அன்னை அஞ்சலா" என்று ஒரு பேனர். அதில் ரோஜாப்பூவுக்கு நடுவில் அவர் முகம். "அதிர்ந்துகூடப் பேசமாட்டார்" என்று ஒருவர் மைக்கில் உருகினார். யார், அஞ்சலா சிஸ்டரா? வளைவில் ஹாரன் அடிக்காமல் வந்தவனை அவர் திட்டினால் கீழே அமிர்தி வரைக்கும் கேட்குமே! அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். அவருடைய ஜீப்புக்கு ஒன்று செய்தீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அந்த ஜீப் எப்படி வந்தது என்று மறந்துவிட்டீர்களா? நம் ஊர்களுக்கு எப்போதாவது ஒரு பஸ். மற்ற நேரத்தில் ஷேர் ஜீப், அதுவும் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். பிரசவ வலி ஆள் நிறையும்வரை காத்திருக்குமா? அதற்காகத்தான் அவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். வாரம் முழுக்க மலையில் ஹெல்த் சென்டரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூரில் வீடு. ஜீப்பும் அவரோடு ஏறி இறங்கியது.

வண்டியின் பின்சக்கரங்களுக்கு நடுவில், அடியில், உருண்டையாக ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். டிஃபரன்ஷியல் என்பார்கள். சிஸ்டர் அதைப் "பானை" என்பார். ஓடையில் இறங்கி ஏறி இறங்கி ஏறி அந்தப் பானையின் மூடி ஓரமாக எண்ணெய் கசிய ஆரம்பித்தது. மெக்கானிக் ஒரு வாரம் வண்டியை வைத்துக்கொண்டு மூடி இடுக்கில் கசியாமலிருக்கப் புது பேக்கிங் போட்டுக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் மறுபடியும் ஒழுகல். சிஸ்டருக்கு வந்ததே ஆத்திரம். "நான் போட்ட தையல் என்னிக்காவது பிரிஞ்சிருக்குதா டீச்சர்? இவரு போட்ட பேக்கிங் மட்டும் ஏன் பிரியுது? உடு, நானே வூட்ல பாத்துக்கறேன்" என்றார்.

முதல் தடவை அவர் தனியாகத்தான் செய்தார். அப்போது ஒரு தப்பு நடந்தது. அந்தப் பானைக்கு இரண்டு வாய் உண்டு. அடியில் எண்ணெயை வடிக்கிற வாய், நடு உயரத்தில் எண்ணெயை ஊற்றுகிற வாய். இரண்டுக்கும் திருகு மூடி. சிஸ்டர் கீழே இருந்ததைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டார். பிறகு மேலே இருந்ததைத் திறக்கப் போனால், அது சேறும் துருவும் ஏறி இறுகிக் கிடக்கிறது. அசையவே இல்லை. எண்ணெய் இல்லாமல் வண்டியை எடுத்தால் பல்சக்கரம் எல்லாம் போய்விடும். மெக்கானிக் வந்து திறக்கும்வரை ஜீப் மூன்று நாள் ஒடுகத்தூரிலேயே நின்றது.

இரண்டாம் நாள்தான் வெள்ளையனின் மனைவிக்கு வலி வந்தது. வெள்ளையனை உங்களுக்குத் தெரியும், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலண்டைப் பக்கம் சாமை போடுகிறவர். கம்பளியில் தூளி கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சிஸ்டர் அடிவாரம் வரை ஆட்டோவில் வந்து, அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக மேலே ஏறினார். பாதி வழியில் பாறை ஓரத்தில் பிரசவம். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. வண்டி ரிப்பேர், என்ன செய்வது என்றுதான் எல்லாரும் சொன்னோம். அவர்தான் விடவில்லை. எட்டாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு வெள்ளையன் வீட்டுக்குப் போனார். "வண்டி ரிப்பேர் இல்ல வெள்ளையா. ஊத்துற வாய் திறக்குதான்னு பாக்காம வடிக்கிற வாயத் திறந்துட்டேன். என் தப்பு" என்று நின்றபடியே சொன்னார்.  வெள்ளையன் ஒரு வருஷம் அந்த ஜீப்பில் ஏறவில்லை. மைக்கில் உருகியவர்களே, இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? தன் தப்பை இப்படி வாசல் தேடிப்போய்ச் சொன்ன ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

அடுத்த முறை நானும் கூட இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வீட்டு வாசல். முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்தோம். பழைய நைட்டிக்கு மேல் தம்பியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சிஸ்டர் அடியில் போய்ப் படுத்தார். முதல் வேலையாக ஊற்றுகிற வாயைத் திறந்தார். "திறந்துச்சி. இப்ப வடிக்கலாம்" என்று உள்ளிருந்தே எனக்கு அறிவித்தார். எண்ணெய் பால் ஊற்றிய டீயின் நிறத்தில் வந்தது. "ஓடைத் தண்ணி உள்ள பூந்துகீது பாரு" என்றார். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மூடியில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தார். கடைசியில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால், ஊசி போடும் முன் கையைத் துடைப்பாரே, அதே துடைப்பு.

பேக்கிங் பசையை ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, மூடியைச் சுற்றிலும், ஒவ்வொரு போல்ட் ஓட்டையையும் சுற்றி, ஒரே கனத்தில் கோடு போட்டார். சிரித்தால் கை நடுங்கும் என்று என்னை வாயைத் திறக்கவிடவில்லை. பிறகு மூடியை மாட்டி முடுக்கினார். பசை இறுகட்டும் என்று மறுநாள் இரண்டு பேருமே லீவு போட்டிருந்தோம். மறுநாள்தான் கூத்து. புது கியர் ஆயிலை ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் ஊற்றி, டிரிப் செட்டை மாட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். டிரிப் ஏற்றியே பழகிய கை! அந்த ஆயில் பாகு மாதிரி கெட்டி. ஒரு மணி நேரத்தில் இரண்டு சொட்டு இறங்கியது. "இந்தப் பேஷண்ட்டுக்கு நரம்பே கெடைக்கலயா சிஸ்டர்?" என்றேன். முறைத்தார். எழுந்து உள்ளே போய், பழைய எனிமா கேனைக் குழாயோடு எடுத்து வந்தார். கால் மணி நேரத்தில் பானை நிறைந்து, ஊற்றுகிற வாயில் எண்ணெய் வழிந்தது. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்த மூடி ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

வடிக்கிற வாய், ஊற்றுகிற வாய் என்ற பேச்சை அவர் கடைசிவரை விடவில்லை. போன வருஷம் பக்கத்து சென்டர் சிஸ்டரைக் கீழே மாற்றிவிட்டு, "ரெண்டையும் நீங்களே பாத்துக்கங்க" என்று அதிகாரி ஒருவர் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். "சார், வடிக்கிற வாயத் திறந்துட்டீங்க. ஊத்துற வாய் திறக்குதான்னு பாத்தீங்களா?" என்றார். "இன்னா வாய்ம்மா?" என்று அவர் விழித்தார். "எடுக்கறதுக்கு முன்ன, திருப்பிப் போட வழி கீதான்னு பாக்கணும் சார்" என்றார். அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார். அன்றிலிருந்து இரண்டு சென்டரையும் அந்த ஒரே நெஞ்சுதான் தாங்கியது. மாரடைப்பு திடீரென்று வந்ததாகப் பேசிக்கொள்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். ஜீப்பை ஊருக்கே கொடுத்துவிடச் சொல்லி அவர் தம்பி அனுப்பினார். நீங்கள் என்ன செய்தீர்கள்? சென்டருக்கு முன்னால் சிமெண்ட் மேடை கட்டி, சக்கரங்களைக் கழற்றி, கல்மேல் உட்கார வைத்து, அடிமுதல் முடிவரை வெள்ளி பெயிண்ட் அடித்து, ஆளுயர மாலை போட்டீர்கள். நினைவுச் சின்னமாம்! விழாக் கமிட்டித் தலைவர் தனபால் பெருமையோடு என்னிடம் சொன்னார்: "புது மேடை டீச்சர், கறை ஆய்டும்னு ஆயில் எல்லாத்தையும் வடிச்சிட்டோம்."

"ஊத்துற வாய் திறக்குதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா?" என்றார். அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற வெள்ளையனுக்குப் புரிந்தது. வெள்ளையனின் மனைவிக்கு அப்போது மறுபடியும் ஒன்பதாவது மாதம்.

இரண்டு நிமிடம் சிஸ்டரின் அன்பைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை மைக்குக்குக் கூப்பிட்டீர்கள். நான் மைக்குக்குப் போகவில்லை. ஜீப்பின் முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். சிஸ்டர் வைத்த இடத்திலேயே அவருடைய ஸ்பேனர் இருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். டீச்சருக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஊற்றுகிற வாயின் மூடிமேல் பெயிண்ட் கட்டியாக உறைந்திருந்தது. ஸ்பேனரை மாட்டி, திட்டிக்கொண்டே இழுத்தேன். பெயிண்ட் உடைந்தது. பிறகு விரலாலேயே திருக முடிந்தது. மரையில் கிரீஸ் பளபளத்தது. கடைசியாக மூடியபோது சிஸ்டர் தன் கையால் தடவிய கிரீஸ். அடுத்து யார் திறந்தாலும் திறக்கட்டும் என்று தடவி வைத்திருக்கிறார். மல்லாந்து படுத்தபடி அங்கேதான், அந்தப் பதினாறு நாளில் முதன்முதலாக, நான் வாய்விட்டு அழுதேன்.

"திறந்துச்சா டீச்சர்?" என்று வெள்ளையனின் குரல் கேட்டது.

"திறந்துச்சி."

அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகத் தனபால் வீட்டுக் கொட்டகைக்குப் போய் முதல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். "இன்னாப்பா இது, மரியாத இல்லாம! சாமி மாதிரி வெச்சிருக்கோம்!" என்று தனபால் கத்தினார். "சாமி எங்க வூட்டு வரைக்கும் வரணும்ணே" என்றார் வெள்ளையன். அவ்வளவுதான் சொன்னார். மாலையை நான்தான் கழற்றினேன். என்மேல் வருத்தம் இருப்பவர்கள் இருந்துவிட்டுப் போங்கள்.

ஒடுகத்தூரிலிருந்து ஆயில் வாங்கி வந்து, எனிமா கேனில்தான் ஊற்றினோம். பத்தாம் நாள், ஷேர் ஜீப் டிரைவர் ஒருவர் ஓட்ட, வெள்ளையன் தன் மனைவியை அந்த ஜீப்பில் கீழே கூட்டிப்போனார். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். அஞ்சலா என்று பெயர் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அன்னை பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பை யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம், அது மேலும் கீழும் போய் வரட்டும். எனிமா கேன் அதன் பின்சீட்டிலேயே இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது அந்த ஸ்பேனரை மட்டும்தான். அவர் போய் இத்தனை நாளாகியும் இரண்டு சென்டரும் பூட்டித்தான் கிடக்கின்றன. அவர் நாற்காலிக்கு ஆள் போடச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை அந்த அதிகாரியைப் பார்க்கப் போகிறேன். மனுவோடு ஸ்பேனரையும் அவர் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.