நகம் பதிந்த ஈயம்

ரொறொன்ரோவில் ஒரு பழைய வீட்டின் ஈயத் தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தோம். என்னோடு வேலை செய்யும் ரமணன் மான் வேட்டைக்குப் போகிறவன்.

"அண்ணை, உது சொஃப்ட் ஈயமோ? துவக்குக்குச் சன்னம் வார்க்கத் தேவை."

நகத்தால் அழுத்தினேன். பதிந்தது. மென்மையான ஈயம்தான்.

ஊரில் சண்டை ஓய்ந்தால், சுவர்களில் புதைந்த சன்னங்களைத் தோண்டியெடுத்து, உருக்கி, மீன் வலை தண்ணீரில் தாழ ஈயக் குண்டு கட்டுவோம். தம்பியைத் துளைத்துக்கொண்டுபோய்ச் சுவரில் புதைந்த சன்னத்தையும் அப்பா மற்றவற்றோடு சேர்த்து உருக்கினார். அந்த வலையில் பட்ட மீனைத் தின்றுதான் வளர்ந்தேன்.

"இல்லையடா, உது ஹார்ட். சரிவராது" என்றேன்.

ரமணன் குழாயிலிருந்த நகத்தடத்தைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"ஓம் அண்ணை, ஹார்ட்தான்" என்று அதைப் பழைய இரும்புக் குவியலில் போட்டான்.

ஏனென்று அவன் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம்.