அப்பா அடித்து எழுதிய சொல்

தருவைகுளத்தில் ஐஸ் என்றால் மீனுக்குத்தான். அப்பா வேலை பார்த்த ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வரும். நொறுக்கிப் படகில் கொட்டுவார்கள். அதன்மேல் காலில் கத்தி மாட்டிக்கொண்டு ஆடப்போகிறேன் என்று பதினோரு வயதில் சொன்னபோது அத்தை சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும்.

அதுவரை காலில் சக்கரம் மாட்டித்தான் ஆடினேன். ஏலம் முடிந்து, செதில் போகக் கழுவிவிட்ட ஏலக்கூடத்துத் தரைதான் என் மைதானம். முட்டி தேயாத வாரமில்லை. அப்படித்தான் மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினேன். உடனே, பனித்தரையில் ஆட வடக்கே ஆள் எடுக்கிறார்கள் என்று பள்ளிக்கு ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் ஐஸ் வசதி உண்டா? இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். வீண்வேலை, கிழித்துப் போடு என்றார் விளையாட்டு வாத்தியார்.

அப்பா கிழிக்கவில்லை. இங்கிலீஷில் ‘எஸ்’ என்று எழுதி, பக்கத்தில் ‘டெய்லி’ என்றும் சேர்த்தார். அதற்கு முன்னால் எதையோ எழுதி மொத்தையாக அடித்திருந்தார். மூன்றெழுத்துக்கூடத் தப்பில்லாமல் எழுத வராதா என்று கேலி செய்தேன். பேனாவை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

கூப்பிட்டுவிட்டார்கள். அப்பாவோடு மூன்று நாள் ரயில். அங்கிருந்த சென்னைக்கார அதிகாரி, உங்கள் ஊரில் எந்த அரங்கம் என்று கேட்டார். அரங்கமில்லை, அப்பாவின் ஐஸ் கம்பெனி என்று உள்ளதைச் சொன்னேன். அதை அவர் இந்தியில் மற்றவர்களுக்குச் சொல்ல, கூடமே சிரித்தது. எனக்கு அப்பாமேல்தான் ஆத்திரம். அதிகாரி படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, ஊருக்குப் போகச் சொன்னார்.

அப்பா நகரவில்லை. “ஐஸ் இருக்கான்னுதான சார் கேட்டிருந்தீய. இருக்கு. எம் புள்ள விழுந்தா எந்திரிப்பாளான்னு ஒருத்தரும் கேக்கலியே. அத ஒருதரம் பாத்துட்டு அனுப்புங்க.”

இறங்கினேன். ஏழு தரம் விழுந்தேன். ஏழாவது தரமும் எழுந்து, ஒரு முழுச் சுற்றுச் சுழன்று நின்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. வேறு படிவம் எழுதி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு தேசியப் பட்டம் நான்கு முறை வாங்கினேன். பத்திரிகையில் வந்த படத்தை அத்தைதான் ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். மீன் ஐஸுக்கும் ஆடுகிற ஐஸுக்கும் வித்தியாசம் தெரியாத வெள்ளந்தி மனிதர் என்று அப்பாவைப் பற்றிப் பேட்டிகளில் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

போன மாதம் அந்தப் பழைய படிவம் அம்மாவின் பைபிளுக்குள் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அடித்த மைக்கு அடியில் ‘நோ’ என்று தெளிவாக இருந்தது. அப்பாவுக்குக் கேள்வி புரிந்துதான் இருக்கிறது.