மாரியாயி அக்காவுக்கு இரண்டாவது இரங்கல்

மாரியாயி அக்கா இறந்துபோன செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது அவர் பதுளை ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை, போன மாதம், அவருடைய மகள் சுமதியே போனில் பேசினாள். "நானா, இந்தத் தடவ நெசந்தான்" என்றாள். பெற்ற தாயின் சாவை ஒரு மகள் இப்படிச் சொல்ல வேண்டி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெரகல சந்தியிலிருந்து கொஸ்லந்த வரைக்கும் உள்ள தேயிலைத் தோட்டங்களில், திருவிழா மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்ட உங்களுக்கு. அறியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவர் பகலில் கொழுந்து பறித்தார், திருவிழாக் காலத்தில் மேடையில் பாடினார். அம்மன் பாட்டும் பாடுவார், சினிமாப் பாட்டும் பாடுவார். நான் பண்டாரவளையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். அவர் ஏறிய மேடைகளில் பலவற்றுக்கு என் கடைச் செட்டுதான் போனது. வயதில் நான் இளையவன். ஆனாலும் முஸ்லிம் கடைக்காரன் என்பதால் அவருக்கும் நான் 'நானா', அதாவது அண்ணன்தான்.

வாய்த் துடுக்கு அவருக்கு அதிகம். என் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்து ஒருநாள், "ஒங்க பொட்டி எங்க தொர மாதிரி நானா, கத்துது, ஆனா ஒண்ணும் வெளங்கல" என்றார். பக்கத்தில் நின்ற, தோட்டத்துத் துரையிடம் வேலை பார்க்கும் கணக்கப்பிள்ளை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். அடுத்த திருவிழாவுக்கு நான் புதுப் பெட்டி வாங்கிவிட்டேன்.

அவரை ஏன் மேடைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல நடிக்க வேண்டாம். அந்த வருடத் திருவிழாவில் அவர் அம்மன் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது, தேர்தலில் நிற்கவிருந்த பெரியவர் ஒருவரின் வாகனம் வந்து நின்றது. பாட்டை நிறுத்தச் சொல்லிக் கோயில் கமிட்டிச் செயலாளர் மேடைக்குக் கீழே நின்று கையைக் காட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கடைசி அடியை இரண்டாவது தடவையும் பாடி முடிக்கும்வரை அந்தப் பெரியவர் கழுத்தில் மாலையோடு கீழே நின்றார். பிறகு செயலாளர் கோபித்தபோது அக்கா சொன்னது இதுதான்: "பாட்டப் பாதியில விட்டா அது சாமிக்குப் பாடுனதாவும் இருக்காது, மனுசனுக்குப் பாடுனதாவும் இருக்காது."

அதற்குப் பிறகு அவருக்கு மேடை இல்லை. கேட்டால், இப்போதெல்லாம் பிள்ளைகள் டிராக் போட்டுத்தான் பாடுகிறார்கள், காலம் மாறிவிட்டது என்றார்கள். காலத்தின் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம்.

பிறகுதான் அந்த முதல் சாவு. அக்கா மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அதே வார்டில் வேறொரு தோட்டத்து மாரியாயி காலமானார். பெயரை மட்டும் கேட்ட யாரோ ஒரு புண்ணியவான் தோட்டத்துக்குப் போன் அடித்துவிட்டார். ஒருவராவது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டாமா? அதற்கு ஆள் இல்லை. பேஸ்புக்கில் எழுத மட்டும் ஊரே திரண்டது. மலையகத்தின் குயில் ஓய்ந்தது என்றார்கள். பல வருடம் அவர் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள், அவர் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தோம் என்று வாய் கூசாமல் எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று நானும் முச்சக்கர வண்டியில் கூட வந்தேன். தோட்டப் பாதையின் இரு பக்கமும் சாவுக்குக் கட்டிய வெள்ளைக்கொடி. சந்தியில் பெரிய பேனர். அதில் அக்காவின் படம் ஒரு மூலையில். நடுவில் கைகூப்பியபடி அதே பெரியவர். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தார்.

"செத்தது நானா, இவரா?" என்றார். டிரைவர் பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கமிட்டி அதற்குள் அவருக்கு அஞ்சலி இசைவிழா என்று அறிவித்திருந்தது. செலவு பெரியவருடையது. அக்கா அதைக் கேள்விப்பட்டதும் முகம் மலர்ந்துபோனார். வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "விழாதான் வச்சிருக்காங்கள்ல நானா. நான்தான் இருக்கேன்ல. நானே வந்து பாடுறேன்னு சொல்லுங்க. கொரல் இன்னும் இருக்கு. அது போறதுக்குள்ள நம்ம கோயில் முன்னுக்கு ஒருக்கா பாடிறணும்."

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அன்றே செயலாளரிடம் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, மிகப் பணிவாகப் பேசினார். பெரியவர் அஞ்சலிக்குத்தான் ஒத்துக்கொண்டாராம். உயிரோடு இருக்கிற அக்காவை மேடையேற்றினால், பழைய விஷயம் கிளம்பிப் பெரியவருக்குச் சங்கடமாகிவிடுமாம். விழாவை ரத்துச் செய்யவில்லை, ஒத்தி வைக்கிறோம் என்றார்.

நான் அக்காவிடம் அந்தச் சொல்லை மட்டும் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எது வரைக்கும்? நான் சாகுற வரைக்குமா?" என்றார். நான்கூட, என் செட்டைக் கொண்டுவந்து உங்கள் லயத்து வீட்டு வாசலில் போடுகிறேன், பாடுங்கள் என்றேன். "வேணாம் நானா, ஒளிஞ்சு பாடுற மாதிரி இருக்கும்" என்றார்.

மழை பிடிப்பதற்கு முன்னால் அவர் நிஜமாகவே போய்விட்டார். சந்தியில் பழைய பேனரையே கட்டினார்கள். திகதியின்மேல் மட்டும் ஒரு ஸ்டிக்கர். பேஸ்புக்கில் முன்பு அழுதவர்கள், அதே அழுகையை எடுத்து மறுபடி போட்டார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் பக்கத்து லயத்துச் சனங்களும் அவரோடு மலையில் கொழுந்து எடுத்த பெண்களும்தான்.

ஒத்தி வைத்த விழா அதற்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் நடந்தது. கோயில் முன்னால் பந்தல். சுமதிக்காகத்தான் நான் செட்டைக் கொடுத்தேன். பெரியவர் பேசி முடித்ததும், இப்போது அன்னாரின் தேன்குரலைக் கேட்போம் என்று சொல்லிச் செயலாளர் தன் போனை வயரில் மாட்டினார். ஒரு பெண் அம்மன் பாட்டு பாடினாள். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது அக்கா இல்லை. அக்காவின் பாட்டை யாருமே பதிவு செய்து வைத்திருக்கவில்லை. யூடியூபில் இருந்து யாரோ ஒருத்தியின் பாட்டை எடுத்திருக்கிறார்கள். நான் செயலாளரின் காதில் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "யாருக்குத் தெரியப்போகுது நானா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அதுதான் கேவலம். முன்வரிசையில் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். பெரியவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பின்னால் இருந்த நீங்களும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

சுமதி எழுந்து நின்றாள். நான் போய் வயரைப் பிடுங்கினேன். மைக் இல்லாமலே அவள் பேசியது கடைசி வரிசைவரை கேட்டது.

"இது எங்கம்மா கொரல் இல்ல. இங்க இருக்கிற ஒருத்தருக்குமா எங்கம்மா கொரல் ஞாபகம் இல்ல?"

செயலாளர், பிள்ளை துக்கத்தில் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் குரல் என்னிடமும் இல்லை. வாடகைக்குச் சத்தம் கொடுக்கிறவன் கடையில் அந்த ஒரு சத்தம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த அருவருப்பு. இது காலப்போக்கில் ஆறிவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். ஆற விடப்போவதில்லை. நேற்று, இந்த வருடத் திருவிழாவுக்குச் செட்டு கேட்டுச் செயலாளர் கடைக்கு வந்தார். பெட்டிகள் எல்லாம் அவர் கண்ணெதிரேதான் அடுக்கியிருந்தன. ஒத்தி வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.